நிறைந்திருந்த தொட்டியும் உறைந்துபோன ரேடியேட்டரும்

மைனஸ் 33 டிகிரிக் குளிரில் ஒரு காரின் எஞ்சின் சூடேறிக் கொதிக்கும் என்று எவரேனும் சொல்லியிருந்தால், ரொறன்ரோவிலிருந்து வின்னிப்பெக்கிற்குக் குடிபெயர்ந்த அந்த முதல் சனவரியில் நான் நம்பியிருக்க மாட்டேன். வெளியே மூச்சுக்காற்றே மீசையில் பனியாகப் படிந்துகொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில், பெரிமீட்டர் நெடுஞ்சாலையில் ஏறிப் பத்து நிமிடம்கூட ஆகாத நிலையில், டேஷ்போர்டில் இருந்த வெப்பமானி முள் நடுக்கோட்டைத் தாண்டிச் சிவப்பை நோக்கி நகரத் தொடங்கியது. அதே நேரத்தில் ஹீட்டரை முழு வேகத்தில் வைத்திருந்தும் காற்றுத் துளைகளிலிருந்து வந்ததோ குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் வருவது போன்ற காற்று. காலையில் வண்டியைக் கிளப்பியபோது பெல்ட் நீளமாகக் கிறீச்சிட்டதையும், சில நொடிகள் கழித்து அது அடங்கியதையும், குளிரில் ரப்பர் இறுகியிருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு அதைக் கடந்து வந்ததையும் அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அந்த ஒரு செயலை மட்டுமாவது உடனே செய்தேன் என்பதில் இன்றும் எனக்கு ஆறுதல் உண்டு. இழுவை வண்டி வர முக்கால் மணி நேரம் ஆனது. கராஜுக்குள் கார் வந்து சேர்ந்த உடனே, அங்கிருந்த பிலிப்பீன்ஸ் நாட்டு மெக்கானிக் ரேடியேட்டரின் மூடியைத் திறந்து என்னை அருகே அழைத்துக் காட்டினார். உள்ளே இருந்த பச்சை நீரில், வெயிலில் பாதி கரைந்த பனிக்கூழ் ஐஸைப் போல நுண்ணிய துகள்கள் இன்னும் மிதந்துகொண்டிருந்தன. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டின், அதாவது தண்ணீரும் உறைவதைத் தடுக்கும் ஆன்டிஃப்ரீஸும் கலந்த திரவத்தின், தொட்டியோ மேல் கோடு வரை நிறைந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் நவம்பர், டிசம்பர் இரண்டு மாதங்களும் நான் நிம்மதியாக இருந்தேன்.

ரேடியேட்டர் உறைந்திருக்கும்போது எஞ்சின் எப்படிக் கொதிக்கும் என்பது முதலில் விளங்காது; விளங்கியபின் மறக்காது. பெட்ரோல் எரியும்போது எழும் வெப்பம், வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும், எஞ்சினின் சிலிண்டர்களைச் சுற்றிச் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். கூலண்ட் சுமார் 80 டிகிரிக்கு மேல் சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் மூடியே இருப்பதால், எஞ்சினுக்குள் ஒரு சிறிய வட்டத்தில் மட்டும் திரவம் சுழலும். கூலண்டின் சூட்டைக் காற்றில் ஆற்ற முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு அந்த வெப்பத்தில் ஒரு பங்கும் போய்ச் சேராது. ஓடும் காரின் முகப்பில் மைனஸ் 33 டிகிரிக் காற்று அறைந்துகொண்டிருக்க, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் இருக்கும் நீர்த்த கலவை கூழாகி அடைத்துக்கொள்கிறது. பிறகு தெர்மோஸ்டாட் திறந்தாலும் சூடான திரவம் போவதற்கு வழி இல்லை. ஹீட்டருக்குப் போகும் குறுகலான குழாய்களிலும் அதே கூழ் நிற்பதால் காருக்குள் சூடும் வருவதில்லை. காலையில் பெல்ட் கிறீச்சிட்டதற்கும் காரணம் இதுவே: வாட்டர் பம்ப் தண்ணீரைச் சுழற்ற வேண்டிய இடத்தில் கூழைக் கடைந்துகொண்டிருந்தது. அந்தப் பம்பின் சீல் கிழிந்திருந்தது. பம்பையும் பெல்ட்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. சிலிண்டர்களின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டுக்குச் சேதம் ஏற்படுவதற்குள் வண்டியை நிறுத்தியிருந்தேன்.

வெறும் தண்ணீராக இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. மூடிய இரும்புக்குள் அந்தப் பெருக்கத்துக்கு இடமில்லாதபோது எஞ்சினின் உடலான பிளாக்கே வெடிக்கும். பிளாக்கின் பக்கவாட்டில் வட்டத் தகட்டு மூடிகள் சில இருக்கும். அவற்றை இங்கே எல்லாரும் ஃப்ரீஸ் பிளக் என்கிறார்கள். உறையும் நீர் அவற்றைத் தள்ளிவிடும், எஞ்சின் தப்பிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அவை வார்ப்பின்போது உள்ளே இருந்த மணலை வெளியேற்ற விடப்பட்ட துளைகளின் மூடிகள். உறைந்த நீர் சில நேரம் அவற்றைத் தள்ளிவிடுவது உண்டு, பல நேரம் அவை அசையாமல் இருக்க இரும்பு பிளந்துபோவதும் உண்டு. என் காரில் இருந்தது கூழ் என்பதால், கெட்டியாகாமல் அடைப்பை மட்டும் உண்டாக்கியது.

அந்தக் கலவை எப்படி நீர்த்துப்போனது என்பதற்கு நானே காரணம். என் தாய்மாமா வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர். பள்ளி விடுமுறைகளில் முன்சீட்டில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பல முறை மலை ஏறியிருக்கிறேன். டம்டம் பாறை அருகே வண்டியை ஒதுக்கி, பானெட்டைத் தூக்கி வைத்து, ஆவி அடங்கும் வரை பீடி ஒன்றைப் பிடித்து முடித்துவிட்டு, நனைத்த சாக்குத் துணியை ரேடியேட்டர் மூடியின் மேல் போட்டுப் பாதி திருகி, சீறல் நின்றதும் முழுவதும் திறந்து, கேனில் இருக்கும் ஓடைத் தண்ணீரை ஊற்றுவார். "வண்டிக்கு உசுரே தண்ணிதான்டா மாப்ள, சோறு இல்லாமக்கூட ஓட்டிடலாம்" என்பார். அவர் இடத்துக்கு அது முற்றிலும் சரியான பாடம். வெப்பத்தை ஏந்திச் செல்வதில் எந்தக் கலவையையும்விட வெறும் தண்ணீரே வல்லது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தச் சாலையில் ரேடியேட்டர் உறைவதைப் பற்றி எவரும் நினைக்க வேண்டியதில்லை. அந்தப் பாடத்தை அப்படியே வின்னிப்பெக் இருக்கும் மானிட்டோபா மாகாணத்துக்குக் கொண்டுவந்தவன் நான்.

அந்தச் சனவரிக்கு முந்தைய கோடையில் ஒரு ஹோஸின் கிளாம்ப் தளர்ந்து கூலண்ட் கசிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறை அளவு குறையும்போதும் அரை லிட்டர் குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். அப்படி ஐந்து முறை ஊற்றிய பிறகு செப்டம்பரில் கிளாம்பைக் கண்டுபிடித்து இறுக்கினேன். கசிவு நின்றது, தொட்டி நிறைந்தது, வேலை முடிந்தது என்று எண்ணினேன். அந்தக் காரின் கூலண்ட் கொள்ளளவு 6 லிட்டர். பாதிக்குப் பாதி கலவையாக இருந்தபோது அதில் 3 லிட்டர் ஆன்டிஃப்ரீஸ் இருந்தது. வெளியேறிய ஒவ்வொரு அரை லிட்டரும் கலவையாக வெளியேறியது, உள்ளே போன ஒவ்வொரு அரை லிட்டரும் வெறும் தண்ணீராகப் போனது. ஐந்தாவது முறைக்குப் பிறகு எஞ்சியது 2 லிட்டருக்குச் சற்றுக் குறைவான ஆன்டிஃப்ரீஸ்தான். அதாவது மூன்றில் ஒரு பங்கு. தொட்டியின் கோடு அளவைச் சொல்கிறது, விகிதத்தைச் சொல்வதில்லை. இந்தப் பதிவை எழுதத் தூண்டிய ஒரே செய்தி இதுதான். மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

எண்களைப் பார்த்துவிடுவோம். பெரும்பாலான கார்களில் ஆன்டிஃப்ரீஸாகப் பயன்படுவது எத்திலீன் கிளைக்கால். மூன்றில் ஒரு பங்கு கிளைக்காலும் இரண்டு பங்கு தண்ணீரும் சேர்ந்த கலவையில் ஏறத்தாழ மைனஸ் 18 டிகிரியில் பனித்துகள்கள் தோன்றத் தொடங்கும். 40 விழுக்காடு என்றால் மைனஸ் 24, பாதிக்குப் பாதி என்றால் மைனஸ் 37, 60 விழுக்காடு என்றால் மைனஸ் 50ஐத் தாண்டும். இந்த வரிசையைப் பார்த்தவுடன், அப்படியானால் தண்ணீரே சேர்க்காமல் முழுவதையும் கிளைக்காலாக ஊற்றிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் தூய எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். தண்ணீர் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு பனிக்கட்டியாவதைக் கிளைக்கால் குலைப்பதுபோலவே, கிளைக்கால் படிகமாவதைத் தண்ணீரும் குலைக்கிறது. ஒன்றுக்கு மற்றொன்று காவல். சுமார் 70 விழுக்காட்டுக்கு மேலே போனால் உறைநிலை மறுபடியும் ஏறத் தொடங்கும். போதாததற்குக் கிளைக்கால் கூடக்கூடத் திரவம் தடித்துப்போகிறது, வெப்பத்தை ஏந்தும் திறனும் குறைகிறது. எனவே 50க்கும் 60க்கும் இடையில் நிற்பதே இந்த ஊருக்கு நல்லது.

கோடைக்கும் இதே கலவைதான் துணை. பாதிக்குப் பாதி கலவை தண்ணீரைவிடச் சில டிகிரி கூடுதலான வெப்பத்தில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே தேக்கிவைக்கும் அழுத்தமும் சேர்ந்தால் கொதிநிலை 125 டிகிரிக்கும் மேலே போய்விடுகிறது. அதனால்தான் கடைகளில் விற்கும் ஒரே குடுவையில் கூலண்ட் என்றும் ஆன்டிஃப்ரீஸ் என்றும் இரண்டு பெயர்களையும் சேர்த்து அச்சிடுகிறார்கள். கிளைக்காலை 1856ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு வேதியியலாளர் சார்லஸ் அடால்ஃப் வுர்ட்ஸ் தயாரித்துவிட்டார். ஆனால் 1920களில்தான் அது கார்களின் ரேடியேட்டருக்குள் பரவலாக நுழைந்தது. அதற்கு முன்னால் மர ஆல்கஹாலை ஊற்றியிருக்கிறார்கள். எஞ்சின் சூடேறும்போது அது ஆவியாகிப் போய்விடும் என்பதால் குளிர்காலம் முழுவதும் அளந்து பார்த்து மறுபடி மறுபடி ஊற்ற வேண்டியிருந்ததாம்.

ரொறன்ரோவில் இருந்தவரை மைனஸ் 20ஐத் தாண்டுவதே அபூர்வம் என்பதால், கலவை சற்று நீர்த்திருந்தாலும் கார் மன்னித்துவிடும். வின்னிப்பெக் அப்படிப்பட்ட ஊர் அன்று. சனவரி இரவுகளில் மைனஸ் 20க்குக் கீழே போவது இங்கே வழக்கமான செய்தி. பல குளிர்காலங்களில் மைனஸ் 35ஐ எட்டும் இரவுகளும் வரும். இந்த நகரத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை மைனஸ் 47.8 டிகிரி, 1879 டிசம்பர் 24 அன்று. இப்போது நான் ஓட்டும் டொயோட்டாவின் கையேட்டில், அமெரிக்காவில் விற்கும் கூலண்ட் 50 விழுக்காடு என்றும் கனடாவில் விற்கும் கூலண்ட் 55 விழுக்காடு என்றும், முன்னது மைனஸ் 35 வரைக்கும் பின்னது மைனஸ் 42 வரைக்கும் என்றும் தனித்தனியாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். எல்லையைத் தாண்டியதும் ஐந்து விழுக்காட்டைக் கூட்டியிருக்கும் அந்த வரியைப் படித்தபோது, இந்தக் குளிரை அறிந்த எவரோ ஒருவர் யோசித்துச் செய்த வேலை என்று மனதுக்குள் நன்றி சொன்னேன்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தெளிவாக்கிவிட வேண்டும். வானிலை அறிக்கையில் வெப்பநிலை மைனஸ் 30, காற்றோடு சேர்த்தால் மைனஸ் 44 என்பார்கள். அந்த இரண்டாவது எண், வெளியே தெரியும் தோலுக்கு எவ்வளவு குளிர் உறைக்கும் என்பதற்கான கணக்கு. நிறுத்தி வைத்த கார் மைனஸ் 30க்குக் கீழே போகாது. காற்று வீசினால் அந்த மைனஸ் 30ஐ விரைவாக எட்டும், அவ்வளவே. ஆகவே கூலண்டைச் சோதிக்கும்போது முதல் எண்ணையே பார்க்க வேண்டும். ஆயினும் ஓடும் காரின் ரேடியேட்டரைக் காற்று வேகமாகக் குளிர்விக்கும் என்பதால், இந்தச் சமவெளியில் பழைய லாரிகளின் முகப்பில் பாதியை மறைத்துக் கனத்த துணியைக் கட்டியிருப்பதைக் காணலாம். அட்டையை வெட்டிச் செருகுபவர்களும் இருக்கிறார்கள். வெயில் ஏறும் நாளில் அதை எடுத்துவிட மறந்தால் எஞ்சின் சூடாகும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை.

அந்த மெக்கானிக் எனக்குக் காட்டிய கருவியின் பெயர் ரிஃப்ராக்டோமீட்டர். ஒரு சாண் நீளமுள்ள சிறிய தொலைநோக்கி போலிருக்கும். அதன் முனையில் சாய்வாக வெட்டிய கண்ணாடி முகத்தில் ஒரே ஒரு சொட்டு கூலண்டை விட்டு, மேலே இருக்கும் ஒளிபுகும் மூடியைக் குமிழி இல்லாமல் படியவைத்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துக் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். வட்டத்தின் மேல்பாதி நீலமாகவும் கீழ்ப்பாதி வெண்மையாகவும் தெரியும். இரண்டும் சந்திக்கும் கோடு எந்த எண்ணின் மேல் விழுகிறதோ அதுதான் அந்தக் கலவையின் உறைநிலை. அவர் கையிலிருந்து வாங்கி நான் பார்த்தபோது கோடு மைனஸ் 18இல் நின்றது. என் கோடைகால ஐந்து அரை லிட்டர்களும் அந்த ஒரு கோட்டில் எழுதியிருந்தன. மறு வாரமே நானும் ஒன்று வாங்கிவிட்டேன். ஒரு முறை வண்டியை இழுக்கக் கொடுத்த பணத்தில் அதைப் போல இரண்டு மூன்று வாங்கியிருக்கலாம்.

அதைப் பயன்படுத்துவதில் சில நுணுக்கங்கள் உண்டு. முதலில் வாலை வடிநீரை, அதாவது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை, ஒரு சொட்டு விட்டு கோடு சரியாகச் சுழியில் நிற்கிறதா என்று பார்த்துத் திருகாணியால் திருத்திக்கொள்ள வேண்டும். வெளியே குளிரில் நின்று அளந்தால் எண் பிசகும்; சொட்டைக் குடுவையில் எடுத்து வீட்டுக்குள் கொண்டுவந்து அறை வெப்பத்துக்கு வந்த பிறகு அளப்பது நல்லது. கருவியில் எத்திலீன் கிளைக்காலுக்கும், ஆன்டிஃப்ரீஸாகப் பயன்படும் இன்னொரு வகையான புரோப்பிலீன் கிளைக்காலுக்கும் தனித்தனி அளவுகோல்கள் பக்கம் பக்கமாக இருக்கும். எது நம்முடையது என்பதைக் குடுவையின் மேல் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, சொட்டை எங்கிருந்து எடுக்கிறோம் என்பது. அழுத்தம் இல்லாத பக்கத் தொட்டி உள்ள கார்களில், நாம் கடைசியாக ஊற்றியது அந்தத் தொட்டியிலேயே தங்கியிருக்கும். எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து எடுத்த சொட்டே உண்மை பேசும். சூடாக இருக்கும்போது மட்டும் அந்த மூடியில் கை வைக்கவே கூடாது. என் மாமா சாக்குத் துணியோடு காத்திருந்த பொறுமைதான் அவரிடமிருந்து நான் தயக்கமின்றி எடுத்துக்கொள்ளும் பாடம்.

மிதக்கும் உருண்டைகளோ முள்ளோ உள்ள மலிவான ஹைட்ரோமீட்டரும் கடைகளில் கிடைக்கிறது. ஒன்றும் இல்லாததற்கு அது மேல். ஆனால் புரோப்பிலீன் கிளைக்கால் கலவையில் அது தவறான எண்ணைக் காட்டும்.

நீர்த்திருப்பது தெரிந்துவிட்டால் திருத்துவது கடினமான வேலை அன்று. மோரைக் கெட்டியாக்குவது போன்ற எளிய கணக்கு. 6 லிட்டரில் 2 லிட்டர்தான் கிளைக்கால் என்றால், ஒன்றரை லிட்டரை வடித்துவிட்டு அதே ஒன்றரை லிட்டர், தண்ணீர் கலக்காத அடர் ஆன்டிஃப்ரீஸை ஊற்ற வேண்டும். வடித்ததில் அரை லிட்டர் கிளைக்கால் போகும், ஊற்றியதில் ஒன்றரை வரும், மொத்தம் 3 லிட்டர், சரிபாதி. 60 விழுக்காடு வேண்டுமென்றால் 2.4 லிட்டரை வடித்து அதே அளவு ஊற்ற வேண்டும். வாங்கும்போது குடுவையின் முகப்பைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஏற்கெனவே பாதிக்குப் பாதி கலந்ததும், அடர்வாக விற்பதும் ஒரே நிறம், ஒரே வடிவம், பக்கத்துப் பக்கத்து அடுக்கு. கலந்ததை எவ்வளவு ஊற்றினாலும் நீர்த்த கலவை முழுப் பாதியை எட்டாது.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று, பழைய கூலண்டைக் கழுவி மாற்றும்போது காத்திருக்கிறது. ரேடியேட்டரின் அடியில் இருக்கும் வடிகாலைத் திறந்தால் வெளியே வருவது மொத்தத்தில் பாதி அளவுதான்; மீதி எஞ்சின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் தங்கிவிடும். தண்ணீர் ஊற்றி இரண்டு மூன்று முறை அலசி எடுத்த பிறகு அங்கே தங்கியிருப்பது வெறும் தண்ணீர். அப்போது கலந்து விற்கும் கூலண்டை 3 லிட்டர் ஊற்றி நிரப்பினால், 6 லிட்டருக்கு ஒன்றரை லிட்டர் கிளைக்கால், 25 விழுக்காடு. மைனஸ் 12ஐ ஒட்டி உறையும் அந்தக் கலவையோடு, புதிதாக மாற்றிவிட்டோம் என்ற நம்பிக்கையில் குளிர்காலத்துக்குள் நுழைவோம். அலசிய பிறகு முதலில் மொத்தக் கொள்ளளவில் பாதியை அடர் ஆன்டிஃப்ரீஸாக ஊற்றி, மீதி இடத்தை வாலை வடிநீரால் நிரப்புவதுதான் முறை. குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் சூட்டில் சுண்ணமாகப் படிந்து ரேடியேட்டரின் குழாய்களை அடைக்கும், அலுமினியத்தையும் அரிக்கும் என்பதால் வடிநீருக்கு மாற்று தேடக் கூடாது.

நிறத்தை நம்பி ஊற்றுவதும் தவறு. பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பல வண்ணங்களில் வரும் கூலண்டுகளின் நிறம் வெறும் சாயம். அதற்குப் பொதுவான விதி எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் அரிப்புத் தடுப்பான்கள் எந்த வகை என்பதே வேறுபாடு. சிலிக்கேட் சேர்ந்த பழைய பச்சை வகை இரண்டு ஆண்டுகளில் வலுவிழந்துவிடும். கரிம அமில வகை, ஜெனரல் மோட்டார்ஸ் 1990களின் நடுவில் ஆரஞ்சு நிறத்தில் கொண்டுவந்ததைப் போன்றது, ஐந்து ஆண்டுகளுக்கு நிற்கும். இரண்டையும் கலந்தால் நீண்ட ஆயுள் உள்ளதும் தன் ஆயுளை இழக்கும். சில சேர்க்கைகளில் சேறு போலத் திரிந்துபோவதும் உண்டு. கையேட்டில் எழுதியிருக்கும் வகையைத் தவிர வேறு எதையும் நான் ஊற்றுவதில்லை. உறைநிலை சரியாக இருப்பதாலேயே கூலண்ட் நன்றாக இருக்கிறது என்றும் பொருளில்லை. கிளைக்கால் ஆண்டுக்கணக்கில் சூட்டில் கிடந்து மெல்ல அமிலமாக மாறும். தடுப்பான்கள் தீர்ந்ததும் அந்த அமிலம் உலோகத்தைத் தின்னத் தொடங்கும். ரிஃப்ராக்டோமீட்டர் அதைக் காட்டாது. துருநிறமும் அடியில் வண்டலும் தெரிந்தால், எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

மாற்றிய பிறகு உள்ளே காற்று சிக்கியிருந்தால் ஹீட்டர் ஒரு நேரம் சூடாகவும் ஒரு நேரம் குளிராகவும் வீசும். முன்சக்கரங்களைச் சற்று உயரமான சரிவில் ஏற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடி ஆறிய நிலையிலிருந்து எஞ்சினை ஓடவிட்டுக் குமிழிகள் நிற்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் ஹீட்டரே நமக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை. முள் நடுக்கோட்டுக்கே வராமல் ஹீட்டரும் வெதுவெதுப்பாகவே இருந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கும். முன்கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பாக மூடுபனி படிந்து, காருக்குள் இனிப்பான வாசனை வந்தால், காருக்குள் சூட்டைத் தரும் சிறிய ரேடியேட்டரான ஹீட்டர் கோர் கசிகிறது. முள் ஏறும்போது ஹீட்டர் குளிர்ந்தால், எனக்கு நேர்ந்ததுதான். அல்லது கூலண்டே இல்லை. இரண்டிலும் அடுத்த வெளியேறும் வழி வரை ஓட்டிப் பார்ப்போம் என்று எண்ணாமல் அங்கேயே நிறுத்த வேண்டும்.

இந்த ஊருக்கு வந்த புதிதில், கார்களின் முகப்பிலிருந்து மின்கம்பி ஒன்று நாக்கைப் போலத் தொங்குவதைப் பார்த்து வியந்திருக்கிறேன். அது பிளாக் ஹீட்டரின் பிளக். இங்கிருந்து தெற்கே எல்லையைத் தாண்டினால் வரும் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்ற மின்பொறியாளர், எஞ்சினைச் சூடாக்கும் இப்படியொரு கருவிக்கு 1949இல் காப்புரிமை பெற்றார். பெரும்பாலான இன்றைய கார்களில் அந்தச் சூடேற்றி கூலண்டுக்குள் மூழ்கியிருந்து, கூலண்டைச் சூடாக்கி அதன் வழியாக எஞ்சினைச் சூடாக்குகிறது. என்னுடையது 400 வாட். இரவு முழுவதும் 12 மணி நேரம் எரிந்தால் ஏறக்குறைய 5 யூனிட் மின்சாரம். டைமர் வைத்துப் புறப்படுவதற்கு நான்கு மணி நேரம் முன்னால் மட்டும் எரியவிட்டால் 1.6 யூனிட், பலனில் குறைவு தெரிவதில்லை. ஆனால் பிளக் செருகியிருப்பதால் கூலண்டைப் பற்றிக் கவலை இல்லை என்று எண்ணக் கூடாது. அலுவலக வாகன நிறுத்தத்தில் எட்டு மணி நேரம் மின்சாரம் இல்லாமல் நிற்கும் காருக்குக் கலவையே காவல். கூலண்ட் குறைந்து அந்தச் சூடேற்றியைச் சுற்றிக் காற்று நின்றால் அது கருகியும் போகும்.

வடித்த பழைய கூலண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதில் எனக்குச் சமரசமே இல்லை. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கும், குழந்தையும் குடிக்கும். உடலுக்குள் அது ஆக்சாலிக் அமிலமாக மாறி, கால்சியத்தோடு சேர்ந்து படிகங்களாகிச் சிறுநீரகத்தை அடைத்துவிடும். சில தயாரிப்புகளில் கசப்புப் பொருள் சேர்க்கிறார்கள். அதை நம்பித் தட்டைத் திறந்து வைக்க முடியாது. வடிக்கும்போது கீழே வைத்த பாத்திரத்தை உடனே குடுவையில் ஊற்றி இறுக மூடி, தரையில் சிந்தியதைத் துணியால் ஒற்றி எடுத்துக் கழுவி, மானிட்டோபாவில் பழைய எஞ்சின் எண்ணெயோடு ஆன்டிஃப்ரீஸையும் வாங்கிக்கொள்ளும் நிலையங்கள் இருக்கின்றன, அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். தப்பித்தவறி எவரேனும் விழுங்கிவிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; முறிமருந்து உண்டு, ஆனால் அது நேரத்தோடு போட்டி போடும் சிகிச்சை. விலங்குகளுக்கும் அப்படியே.

இப்போது என் காரின் பானெட்டின் உட்புறத்தில் ஒரு காகித நாடாவை ஒட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் முதல் வாரத்தில், பின்முற்றத்தில் முதல் உறைபனி விழுவதற்கு முன்னால், ஒரு சொட்டு எடுத்து அளந்து, தேதியையும் எண்ணையும் மார்க்கர் பேனாவால் அதில் எழுதுகிறேன். இடையில் எதையாவது ஊற்றியிருந்தால் என்ன, எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கும். கடைசி மூன்று வரிகளிலும் மைனஸ் 42 என்றே எழுதியிருக்கிறது. கோடையில் ஓர் இடத்தில் மட்டும், என் மகளின் கையெழுத்தில், வடிநீரும் ஆன்டிஃப்ரீஸும் கால் கால் லிட்டர் என்று இருக்கிறது. அவள் ஓட்டப் பழகிய முதல் மாதம் அது. தொட்டியில் அளவு குறைந்திருப்பதைக் கண்டு, என்னைக் கேட்காமலே இரண்டையும் அளந்து கலந்து ஊற்றியிருந்தாள்.